முள்வேலியும் உரிமத்தாளும்: புந்தோங் வட்டாரத்தில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் வரலாறு

பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவின் மேற்குப் புறத்தில், சுங்கை பாரி ஆற்றை ஒட்டிப் பரந்திருக்கும் புந்தோங், எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நடத்திவரும் கச்சாங் பூத்தே என்னும் கடலைப் பண்ட வணிகத்தாலும், தைப்பூசத்தையொட்டி அவ்வூர் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோவின் கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் இரத ஊர்வலத்தாலும் மலேசியத் தமிழரிடையே பெயர் பெற்றது. நகராண்மைக் கழகத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களும் ஒருங்கே வாழ்ந்த அவ்வூருக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு வரலாறும் உண்டு. அது 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின் முள்வேலி வரலாறு. யார் துப்பாக்கி வைத்திருக்கலாம், யார் வைத்திருந்தால் தூக்கிலிடப்படுவார் என்பதை அரசு வகுத்துச் சொன்ன காலத்தின் வரலாறு.

அமெரிக்காவில் துப்பாக்கிகளைப் பற்றி இணையத்தில் எழுதியும் காணொளி வெளியிட்டும் பிழைத்தவர்களின் வருமானம், கூகுள் முதலிய நிறுவனங்களின் விளம்பரக் கட்டுப்பாடுகளால் சுருங்கிப்போனது கடந்த சில ஆண்டுகளில் பெரும் விவாதமாயிற்று. அதே இணையமும் அதே விளம்பர விதிகளும் ஈப்போவையும் எட்டியிருந்தும், அங்கே அப்படியொரு எழுத்துத் தொழில் வேர்பிடிக்கவே இல்லை. விளம்பரத்துக்கு விதி வகுக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பொருளையே பொதுமக்களின் கைக்கெட்டாத தொலைவில் வைத்துவிட்ட சட்டங்கள்தாம் அதற்குக் காரணம். அந்தச் சட்டங்களுக்காகக் கொடுக்கப்பட்ட விலையில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு சிறிதன்று என்பதால், அவை உருவான விதத்தை விரிவாகப் பார்ப்பது தகும்.

போருக்கு முந்தைய இரப்பர் தோட்டத்தில் துப்பாக்கி துரையின் பங்களாவுக்கு உரிய பொருளாக இருந்தது. கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றிக்கும், எப்போதாவது தோட்டத்தின் எல்லைக்குள் வரும் புலிக்கும் யானைக்கும் எதிராக அவர் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியை எடுத்துச் செல்வார். அலுவலகக் கணக்கு எழுதும் கிராணிக்கோ, ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணிக்கோ, லயத்து வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிக்கோ அதைத் தொடும் வாய்ப்பு ஏற்படுவதில்லை. மரஞ்சீவும் கத்தியே அவர்கள் கையில் இருந்த கூர்மையான கருவி. உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருப்பது அப்போதே குற்றம்தான் என்றாலும், அது பெரும்பாலும் அபராதத்தோடும் சிறைவாசத்தோடும் முடிகின்ற சாதாரணக் குற்றமாகவே கருதப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சிக்காலம் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் அதில் சேர்ந்து, முதன்முறையாகத் துப்பாக்கி பிடிக்கவும் குறிபார்க்கவும் கற்றுக்கொண்டனர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் பயிற்சி பெற்றனர். இன்னொரு புறம், காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு இராணுவம், பிரிட்டிஷார் வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களாலும் தோற்றோடிய படைகள் விட்டுச்சென்றவற்றாலும் தன்னை நிரப்பிக்கொண்டிருந்தது. 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஆயினும் எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. கணிசமான பகுதி எண்ணெய் தடவப்பட்டுக் காட்டுக்குள் புதைந்தது. எனவே போர் முடிந்த மலாயாவில், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த எளிய மக்களும் கணக்கில் வராத துப்பாக்கிகளும் ஒரே நேரத்தில் இருந்தன; அரசின் அச்சத்துக்கு அடிப்படை இதுவே.

1948 ஜூன் 16 காலையில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்து நிருவாகி வாக்கரும், பின் சூன் தோட்டத்தைச் சேர்ந்த அலிசன், கிறிஸ்டியன் ஆகிய இருவரும் தத்தம் அலுவலகங்களிலேயே கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இரண்டே நாட்களில் கூட்டரசு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த மாதம் பிறந்த அவசரகால விதிகள், அனுமதியின்றிச் சுடுகருவியோ தோட்டாவோ வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. துப்பாக்கி யாரையாவது காயப்படுத்தியதா என்பது அங்கே கேள்வியே அன்று. அது ஒருவனிடம் இருந்தது என்பதே போதுமானது. அதன்பின் அதை வைத்திருக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவன்மேல் விழுந்தது.

இந்த விதியின் கூர்மையைத் தமிழர் முதன்முதலில் முழுமையாக உணர்ந்தது எஸ். ஏ. கணபதியின் வழக்கில். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து இளமையிலேயே கடல் கடந்து வந்த கணபதி, இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். போருக்குப் பின் தொழிற்சங்கத்தில் இறங்கி, நாடு முழுவதுமுள்ள சங்கங்களை ஒன்றிணைத்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அவசரநிலைக்குச் சில நாட்கள் முன்னதாகவே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தச் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானதாகியிருந்தது. 1949 மார்ச்சில் சிலாங்கூரின் ரவாங் அருகே அவர் கைது செய்யப்பட்டபோது அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அதைத் தாம் கண்டெடுத்து ஒப்படைக்கக் கொண்டுசென்றதாக அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டுக் கருணை கோரியும் பயனின்றி, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கைதிலிருந்து தூக்குமேடை வரை கணபதிக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை எவ்வளவு கடுமையாக மதிப்பிட்டாலும், யாரையும் சுட்டதாக மெய்ப்பிக்கப்படாத ஒரு மனிதரை இத்தனை விரைவில் கொன்றதை நீதி என்று எழுதுவது கடினம்.

ஜொகூரில் கைதான சாம்பசிவம் என்ற இளந்தமிழரின் வழக்கு இதற்கு நேர்மாறான முடிவை எட்டியது. சுழல்துப்பாக்கி ஏந்தியது, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது என்று அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. அக்கால மலாயாவில் இத்தகைய வழக்குகளை நீதிபதியோடு அமர்ந்து விசாரிக்க அசெசர்கள் எனப்பட்ட பொதுமக்கள் இருவர் இருந்தனர். தங்கள் கருத்தை அவர்கள் சொல்லலாம். முதல் விசாரணையில் அவர்கள் இரு குற்றச்சாட்டிலும் அவரைக் குற்றமற்றவர் என்றனர். தோட்டா பற்றிய குற்றச்சாட்டில் மட்டும் அவர்களோடு உடன்பட்டு அவரை விடுவித்த நீதிபதி, துப்பாக்கி பற்றியதில் உடன்படாமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில், துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்ததாக அவர் காவல்துறையிடம் அளித்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அரசுத் தரப்பு முன்வைத்தது. தோட்டா பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவர் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவர் என்பது புதிய அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, மலாயாவின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டபின், வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. காலனி நாடுகளின் வழக்குகளுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த அந்த மன்றம் 1950இல் தண்டனையை நீக்கியது. ஒருவரை ஒரு குற்றத்திலிருந்து விடுவித்த தீர்ப்பு, அதே தரப்பினருக்கிடையே பின்னர் எழும் எல்லா நடவடிக்கையிலும் அரசைக் கட்டுப்படுத்தும் என்று மெக்டெர்மட் பிரபு எழுதிய அத்தீர்ப்பு, இன்றும் இந்தியா உட்படப் பல நாடுகளின் நீதிமன்றங்களில் மேற்கோளாகப் பயன்படுகிறது. அவ்வழக்கின் பெயர் சட்ட மாணவர்களுக்கு மனப்பாடம். சாம்பசிவம் ஒரு தமிழர் என்பது தமிழர் பலருக்குத் தெரியாது.

நீதிமன்றங்களுக்கு வெளியே, துப்பாக்கிக் கட்டுப்பாடு நிலத்திலேயே வரையப்பட்டது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் ஐந்து இலட்சம் மக்களை, பெரும்பாலும் சீனரை, 480 அளவிலான புதுக்கிராமங்களில் திரட்டியது. புந்தோங்கிலும் அவ்வாறு ஒரு புதுக்கிராமம் எழுந்தது. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்படவில்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டத்துக்குள்ளேயே, சிதறியிருந்த லயங்கள் ஓரிடத்துக்குச் சேர்க்கப்பட்டு அவற்றைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. விடிவதற்கு முன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய்ப் பழகியவர்கள், இப்போது வேலி வாசலில் சோதனைக்கு நின்றனர். சோற்றுப் பொட்டலமோ ஒரு பிடி அரிசியோ வெளியே போகக்கூடாது என்பது உணவுக் கட்டுப்பாடு நடைமுறையிலிருந்த இடங்களின் விதி. கடைக்காரர் டின் பால், டின் மீன் விற்கும்போது வாங்குபவரின் கண்ணெதிரே அந்த டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாமல் அது விரைவில் கெட்டுப்போக வேண்டும் என்பதே நோக்கம். அரிசியைக்கூட ஆயுதமாகக் கருதிய ஆட்சியில் துப்பாக்கிக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆட்சி தேர்ந்தெடுத்த சிலர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவும் செய்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க அமர்த்தப்பட்ட சிறப்புக் காவலர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர். துரைமார் ஸ்டென் துப்பாக்கியோடும் இரும்புத் தகடு போர்த்திய வண்டியோடும் சுற்றினர். 1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் உயர் ஆணையராக வந்தபின், புதுக்கிராமத்து ஆண்களுக்கே வேட்டைத் துப்பாக்கி கொடுத்து ஊர்க்காவல் படை அமைக்கும் முறை விரைவுபெற்றது. அதே ஆண்டில் லாவ் பாக் குவான் முதலிய சீனச் சுரங்க முதலாளிகளின் முயற்சியால் கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை உருவாகி, ஈப்போவைச் சுற்றியிருந்த சுரங்கங்களைக் காத்தது. இவ்வாறு துப்பாக்கி, குடிமகன் காசு கொடுத்து வாங்கும் பண்டமாக இராமல், அரசு நம்பியவருக்கு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் கருவியாக மாறியது. புந்தோங் வட்டாரத்தின் பிற்கால மனநிலையை உருவாக்கியது தூக்குத் தண்டனை மட்டுமன்று. இந்த எண்ணிக்கொடுக்கும் வழக்கத்துக்கும் அதில் சம பங்கு உண்டு எனலாம்.

1960 ஜூலை 31 அன்று அவசரநிலை முடிந்தது. ஆனால் அதன் விதிகள் வெறுமனே மறைந்துவிடவில்லை. மறுநாளே நடைமுறைக்கு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதி என அறிவிக்கப்படும் இடங்களில் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கட்டாய மரண தண்டனையைத் தொடர்ந்தது. 1969 மே கலவரத்தின்போது நாடு முழுவதுமே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அதே 1960இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், அமைதிக்கால உரிமங்களை ஒழுங்குபடுத்தியது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உரியது. அதை வழங்குவதும் மறுப்பதும் அவர் விருப்பம். பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும் நிலத்துக்காரர், பணம் கொண்டுசெல்லும் காவல் நிறுவனம், துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கழகம் போன்ற சிலருக்கே அது கிடைக்கிறது. விற்பவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கிகூட ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகிறது. உண்மையான துப்பாக்கி என்று மயங்கத்தக்க போலிகளுக்கும் சட்டத்தில் தனிப் பிரிவு இருப்பதால், பிற நாடுகளில் பொழுதுபோக்காக விற்கப்படும் ஏர்சாப்ட் போன்ற விளையாட்டுத் துப்பாக்கிகள் மலேசியாவில் வழக்குக்குரிய பொருள்களாகின்றன.

1971இல் வந்த சுடுகருவிகள் தண்டனை அதிகரிப்புச் சட்டம், கொள்ளை, ஆட்கடத்தல் போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டால், யாரும் காயப்படாவிட்டாலும், பின்வந்த திருத்தங்களின்படி மரண தண்டனை என்றாக்கியது. உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். 1975 நவம்பர் 13 அன்று பேராக் காவல்துறைத் தலைவர் கூ சோங் கோங் ஈப்போ நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டது, இச்சட்டங்களைத் தளர்த்துமாறு கேட்கும் குரலை மாநிலத்தில் நெடுங்காலம் எழவிடவில்லை. ஈராண்டு கழித்துப் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டபோதுதான் நாடு அதிர்ந்தது. பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பின் அவன் உயிர் தப்பினான். கட்டாய மரண தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 2023 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவசரநிலை முடிந்த காலத்தை ஒட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்து அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது அந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். அப்படியும் காக்க முடியாத தோட்டங்களின் மக்கள் நகரங்களைத் தேடி வந்தனர். புந்தோங்கில் குடியேறியவர்களும் அவர்களுள் உண்டு. வேலிக்குள் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குத் துப்பாக்கி என்பது காவல்காரரின் தோளில் தொங்கும் பொருள். அதைப் பற்றிப் படிக்கவோ எழுதவோ வாங்கவோ ஓர் ஆர்வலர் கூட்டம் உருவாகும் சூழல் இல்லை. வாங்குவோர் இல்லாத இடத்தில் விற்பனைப் போட்டி இல்லை. விற்பனைப் போட்டி இல்லாத இடத்தில் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத இடத்தில் அதை நம்பிப் பிழைக்கும் எழுத்தாளரும் இல்லை.

அமெரிக்காவின் பாதை இதற்கு முற்றிலும் வேறானது. அங்கே துப்பாக்கி விளம்பரம் நெடுங்காலம் பத்திரிகைகளின் இயல்பான வருவாயாக இருந்தது. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கியே, அமெரிக்கன் ரைபிள்மேன் இதழில் வெளிவந்த விளம்பரத்தைப் பார்த்து, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 காசுக்கு அஞ்சல்வழி வாங்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அஞ்சல்வழி விற்பனையை நிறுத்தியதே அன்றி, துப்பாக்கியைப் பற்றிய விளம்பரத்தையோ எழுத்தையோ தடுக்கவில்லை. எனவே இணையம் வந்தபோது, இதழ்களில் எழுதிய ஆர்வலர்கள் அங்கேயும் குடிபுகுந்தனர்.

அவர்களுடைய வருமானம் வந்த வழி பின்வருமாறு. 2003இல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் என்னும் ஏற்பாட்டின்படி, ஒருவர் தம் பக்கத்தில் இடம் ஒதுக்கினால், அந்த இடத்துக்கான விளம்பரத்தை நிறுவனமே ஏலத்தில் தேர்ந்தெடுத்துப் போடும். கிடைக்கும் தொகையில் 68 விழுக்காடு பக்கத்துக்காரருக்குச் சேரும் என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. யூடியூப் காணொளிகளில் இந்தப் பங்கு 55 விழுக்காடு. ஆனால் ஆயுத விற்பனை விளம்பரங்களைக் கூகுள் ஏற்பதில்லை. 2012இல் தன் பொருள் தேடல் பட்டியலிலிருந்தும் துப்பாக்கிகளை நீக்கியது. 2016இல் பேஸ்புக் தனியாரிடையேயான துப்பாக்கி விற்பனையைத் தடுத்தது. 2017இல் தீவிரவாதக் காணொளிகளுக்குப் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வருவதைக் கண்ட பெருநிறுவனங்கள் யூடியூபிலிருந்து விலகியபோது, அவற்றை மீட்டழைக்க அந்நிறுவனம் வகுத்த விதிகள், தீவிரவாதத்தோடு தொடர்பே இல்லாத பலர்மேல் விழுந்தன. வருமானம் குறைக்கப்பட்ட காணொளிக்கு அருகே மஞ்சள் நிற டாலர் குறி தோன்றும். ஏன் என்பதற்கு ஒரு வரிக்கு மேல் விளக்கம் இராது. 2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், துப்பாக்கி விற்கும் தளங்களுக்கு இணைப்புத் தரும் காணொளிகளும், சில உதிரிபாகங்களைச் செய்யவோ பொருத்தவோ கற்பிக்கும் காணொளிகளும் தடை செய்யப்பட்டன.

இவ்விதிகளால் அடிபட்டவர்களுள் விற்பனையாளர் மட்டுமன்றி வரலாற்றாசிரியரும் இருந்தனர். நூறாண்டுப் பழமையான இராணுவத் துப்பாக்கிகளின் பொறியமைப்பை விளக்கும் பர்காட்டன் வெப்பன்ஸ் போன்ற முயற்சிகள், வாசகர் மாதந்தோறும் நேரடியாகத் தரும் நன்கொடையையும், முன்பதிவில் அச்சிடும் நூல்களையும் நம்பத் தொடங்கின. வேறு சிலர், கடைகளின் நேரடி ஆதரவையும், தங்கள் இணைப்பு வழியே நடக்கும் விற்பனையில் கிடைக்கும் தரகையும் நாடினர். இதனால் ஒரு விபரீதமும் நேர்ந்தது. பொது விளம்பரத்தில் சோப்பும் காரும் விற்ற பக்கத்துக்காரர், அது நின்றபின் துப்பாக்கிக் கடையையே நம்பி வாழ வேண்டியவரானார். விற்பனையிலிருந்து எழுத்தைப் பிரிக்க முயன்ற விதி, சில இடங்களில் எழுத்தை விற்பனையோடு இன்னும் இறுக்கமாகப் பிணைத்தது. 2019 செப்டம்பரில் கூகுள் தன் விதியைச் சற்றுத் தளர்த்தி, துப்பாக்கி, புகையிலை போன்றவை பற்றிய பக்கங்களை முற்றிலும் விலக்காமல், அவற்றை ஏற்கும் சில விளம்பரதாரர் மட்டும் ஏலத்தில் கலந்துகொள்ளலாம் என்றாக்கியது. பல பெருநிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளும் ஏலத்தில் விலை குறைவது இயல்பே.

உயிரையே எடுத்த மலாயாச் சட்டத்தையும் வருமானத்தை மட்டும் குறைத்த இந்த விதியையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிக்காமல் விட முடியாது. மலாயாவின் விதிக்கு எண் இருந்தது, இயற்றியவர் பெயர் இருந்தது, எவ்வளவு குறைபாடுடையதாயினும் முறையீடு செய்ய ஒரு மன்றம் இருந்தது. சாம்பசிவத்தின் வழக்கு இலண்டன் வரை போக முடிந்தது அதனால்தான். விளம்பர நிறுவனத்தின் விதியோ தனியார் ஒப்பந்தம். அதை மாற்றுவதும் விளக்குவதும் தீர்ப்பளிப்பதும் ஒரே தரப்பு.

விளம்பரக் கட்டுப்பாட்டால் வருமானம் மறைவதை ஈப்போ நேரில் கண்டது துப்பாக்கியில் அன்று, சிகரெட்டில். வானொலி தொலைக்காட்சிகளிலிருந்து நேரடிச் சிகரெட் விளம்பரங்கள் 1980களிலேயே விலக்கப்பட்டிருந்தும், 1993ஆம் ஆண்டின் புகையிலை விதிகள் ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தன: சிகரெட்டின் பெயரை வேறொரு பண்டத்துக்கோ நிகழ்ச்சிக்கோ சூட்டி விளம்பரப்படுத்தலாம். பயண நிறுவனமும் இசை நிகழ்ச்சியும் உடைக்கடையும் சிகரெட்டுப் பெயர்களைத் தாங்கின. மலேசியக் காற்பந்துக் கூட்டிணைவை 1989 முதல் டன்ஹில் ஆதரித்தது. பேராக் குழு 1998இலும் 2000இலும் மலேசியக் கிண்ணத்தையும், 2002இலும் 2003இலும் கூட்டிணைவுப் பட்டத்தையும் வென்ற பொற்காலம் முழுவதும் அந்தப் பெயரின்கீழேயே கழிந்தது. 2003இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிட்டு, 2004இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தபோது அந்த வழி அடைபட்டது. காற்பந்துக்கு அவ்வளவு பெரிய ஆதரவாளரை உடனே தேடிக்கொள்வது எளிதாக இல்லை.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நட்டத்தால் நின்றுபோனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள், வாசகரோடு விளம்பரமும் கைப்பேசித் திரைக்கு நகர்ந்தது ஒன்று. ஊர்க்கடையின் தீபாவளி வாழ்த்தும் நகைக்கடை அறிவிப்பும் நாளிதழின் கணக்கிலிருந்து விலகி, எங்கோ வகுக்கப்பட்ட விதிகளின்படி நடக்கும் ஏலத்துக்குள் போய்ச் சேர்ந்தன. துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத தமிழ் இதழாளரும் இவ்வாறு அமெரிக்க எழுத்தாளரின் நிலைக்கு அருகே வந்துவிட்டனர்.

மலேசியாவில் இப்போது இந்த நிலையை நேரடியாக எதிர்கொள்பவர்கள், மின்சிகரெட்டுகளை விமர்சித்தும் அறிமுகப்படுத்தியும் சமூக ஊடகங்களில் பொருளீட்டியவர்கள். 2023 நவம்பரில் மக்களவை நிறைவேற்றிய புகைப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அத்தகைய பொருள்களின் விளம்பரத்தையும் ஆதரவளிப்பையும் இணையவழி விற்பனையையும் தடுத்தது. அதன் முதல் வடிவில், 2007 முதல் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் விற்பனை கூடாது என்றிருந்த பிரிவு, அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணாகலாம் என்று தலைமை வழக்கறிஞர் கருதியதால் விலக்கப்பட்டது. சட்டம் இயற்றும்போது இத்தகைய கேள்விகள் நாட்டின் முன் வைக்கப்பட்டதை அதன் சிறப்பாகவே கருத வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், கடைகளில் சிகரெட் பெட்டிகளைக் கண்ணில் படும்படி அடுக்கி வைப்பதும் அச்சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது.